கரையும் திருகாணி கரைந்த பிறகு முழங்காலைப் பிடித்திருப்பது எது?

வாசகர் கேள்வி

ஐயா, என் மகனுக்கு வயது 22. ஊர்க் கழகத்துக்காக உதைபந்தாட்டம் ஆடுகையில் வலது முழங்கால் முறுகி விழுந்தான். ஏ.சி.எல் எனப்படும் இணையம் (மூட்டுக்குள் தொடை என்பையும் கீழ்க்கால் என்பையும் பிணைக்கும் நார்ப்பட்டி) முற்றாக அறுந்துவிட்டதென்று எம்.ஆர்.ஐ படம் காட்டியது. இது நடந்து 5 மாதங்கள் ஆகின்றன. நடக்கும்போதும் இடைக்கிடை கால் மடங்கிவிடுகிறது. தொடையின் பின்புறத் தசைநாரை எடுத்துப் புதிய இணையம் அமைக்கலாம் என்று சத்திரசிகிச்சை நிபுணர் சொல்லியிருக்கிறார். அதை இறுக்குவதற்கு உலோகத் திருகாணியும் போடலாம், உடலில் கரைந்துபோகும் திருகாணியும் போடலாம், இரண்டாவதற்குச் செலவு கூட என்றார். கரைந்துபோனால் பிறகு காலைப் பிடித்திருப்பது எது? அதுவும் ஒருவகைப் பிளாஸ்டிக்தான் என்கிறார்களே, உள்ளே கரைந்தால் நஞ்சாகாதா? ரொறன்ரோவில் இருக்கும் என் மைத்துனர், இப்போது பஞ்சு போன்ற ஒன்றை வைத்து அறுந்த இணையத்தையே திரும்ப வளரச் செய்கிறார்கள், அவசரப்படாமல் பொறுத்திருங்கள் என்கிறார். எலியின் முதுகில் காது வளர்ந்திருக்கும் படமொன்றையும் அனுப்பியிருக்கிறார். இன்னொன்று, நாங்கள் சைவம். இந்தப் பொருட்கள் மாட்டிலிருந்து எடுக்கப்படுபவை என்று ஒருவர் சொன்னதிலிருந்து என் மனைவிக்கு மனம் ஒப்பவில்லை.

– மானிப்பாயிலிருந்து ஒரு தந்தை

பதில்

மதிப்புக்குரிய ஐயாவுக்கு,

நான் வைத்தியன் அல்லன். உடலினுள் வைக்கப்படும் பல்பகுதியங்களை, அதாவது சிறு அலகுகள் நீண்ட சங்கிலிகளாகக் கோத்த பிளாஸ்டிக் போன்ற பொருள்களை, பற்றி ஆராய்வதும் கற்பிப்பதும் என் தொழில். உங்கள் மகனின் முழங்காலைத் தொட்டுப் பார்த்தவர் அந்தச் சத்திரசிகிச்சை நிபுணர். எனவே எந்தத் திருகாணி என்ற முடிவு அவரும் உங்கள் மகனும் சேர்ந்து எடுக்க வேண்டியது. 22 வயதுப் பிள்ளை இதைப் பற்றி என்ன நினைக்கிறார் என்பது உங்கள் கடிதத்தில் ஓரிடத்திலும் இல்லை. இந்தப் பதிலை அவரையும் வாசிக்கச் சொல்லுங்கள். திருகாணி எதனால் ஆனது, உள்ளே போனபின் அதற்கு என்ன நேர்கிறது, எந்த இடத்தில் அது பிழைக்கக்கூடும் என்பவற்றை நான் சொல்கிறேன்.

உங்கள் கேள்விகளில் முதலாவதே மிகச் சரியான கேள்வி. இந்தத் துறையில் பல பத்தாண்டுகளாக நடந்துவரும் ஆராய்ச்சியின் பெரும்பகுதி அந்த ஒரு கேள்விக்கு விடை தேடுவதுதான். முழங்காலில் அதன் விடை இது: சத்திரசிகிச்சையின்போது தொடை என்பிலும் கீழ்க்கால் என்பிலும் சிறிய சுரங்கம் துளைத்து, மடித்துத் தைத்த தசைநாரை அவற்றினூடாக இழுத்து, சுரங்கத்தின் சுவருக்கும் தசைநாருக்கும் இடையில் திருகாணியை முறுக்கி இறுக்குவார்கள். அந்தக் கணத்தில் இணையத்தைப் பிடித்திருப்பது திருகாணி மட்டுமே. அடுத்த வாரங்களில் என்பிலிருந்து நுண்ணிய நார்கள் தசைநாருக்குள் வளர்ந்து இரண்டையும் பிணைக்கத் தொடங்கும். ஏறத்தாழ 8 முதல் 12 வாரங்களுக்குள் அந்தப் பிணைப்பு இழுவையைத் தாங்கும் நிலைக்கு வந்துவிடும். அதற்குப் பின்னர் உலோகமாக இருந்தாலும் பல்பகுதியமாக இருந்தாலும் திருகாணிக்குச் செய்ய வேலை அதிகம் இல்லை. காலைப் பிடித்திருப்பது உங்கள் மகனின் சொந்த என்பும் சொந்தத் தசைநாருமே.

ஆகவே ஒரு கரையும் திருகாணியிடம் நாம் எதிர்பார்க்க வேண்டியது, முதல் மூன்று மாதங்கள் கொஞ்சமும் தளராமல் நிற்க வேண்டும், அதன்பின் என்பு வந்து இடம் பிடிக்கும் வேகத்துக்கு ஏற்ப மெல்ல மெல்ல விலக வேண்டும் என்பதே. கரைவது தன்னளவில் ஒரு சிறப்பு என்று நான் கருதவில்லை. காலம் தவறிக் கரையும் பொருள், கரையாத பொருளைவிடத் தொல்லை தரும். விற்பனைக் கையேடுகள் ‘முற்றாகக் கரையும்’ என்பதைப் பெரிய எழுத்தில் போடும். எப்போது கரையும், அதற்கு எவ்வளவு முன்னரே வலிமை போகும் என்ற விவரம் உள்ளே எங்கோ ஓர் அட்டவணையில் இருக்கும்.

வலிமை போவதும் பொருள் மறைவதும் வெவ்வேறு காலத்தில் நடப்பவை. இதை விளங்கிக்கொள்ள, நம் எல்லோருக்கும் பழக்கமான கரையும் தையல் நூலை எடுத்துக்கொள்வோம். விக்ரில் என்ற பெயரில் சத்திரசிகிச்சைக் கூடங்களில் எங்கும் காணப்படும் நூல், கிளைகோலிக் அமிலத்தின் அலகுகள் 90 வீதமும் லக்ரிக் அமிலத்தின் அலகுகள் 10 வீதமும் கொண்ட பல்பகுதியம். இரண்டு வாரம் முடிய அதன் தொடக்க வலிமையில் முக்கால் பங்கும், மூன்று வாரம் முடிய அரைப் பங்கும் எஞ்சியிருக்கும். நூல் முற்றாக மறைய 56 முதல் 70 நாட்கள் ஆகும். அதாவது, நூல் கண்ணுக்குத் தெரியும்படி உள்ளே இருக்கும்போதே அது எதையும் பிடித்திருக்காத ஒரு காலம் உண்டு. தோலும் குடலும் விரைவில் பொருந்தும் இழையங்கள் என்பதால் அங்கே இந்தக் கணக்கு ஒத்துப்போகிறது. அதே பல்பகுதியத்தில் திருகாணி செய்து முழங்காலில் வைத்தால், தசைநார் என்போடு பிணையும் முன்னரே பிடி தளர்ந்துவிடும்.

உள்ளே நடப்பது நீர்ப்பகுப்பு. பல்பகுதியத்தின் நீண்ட சங்கிலிகள் எசுத்தர் பிணைப்புகளால் கோக்கப்பட்டவை. உடலின் நீர் பொருளுக்குள் ஊறி அந்தப் பிணைப்புகளை ஒவ்வொன்றாக வெட்டுகிறது. முதலில் சங்கிலிகள் குறுகுகின்றன, அப்போது வெளித்தோற்றத்தில் எந்த மாற்றமும் இராது. பின்னர் வலிமை குறைகிறது. கடைசியில்தான் துண்டுகள் நீரில் கரையுமளவு சிறிதாகி நிறை குறையத் தொடங்குகிறது. கிளைகோலிக் அமில அலகுகள் மட்டும் கோத்த பொலிகிளைகோலிக் அமிலத்துக்குள் நீர் எளிதில் புகும். அதனால் அது சில வாரங்களிலேயே வலிமை இழக்கும். லக்ரிக் அமில அலகுகளால் ஆன பொலிலக்ரிக் அமிலத்தின் ஒவ்வோர் அலகிலும் நீரை விலக்கும் ஒரு மெதைல் கூட்டம் கூடுதலாக இருக்கிறது. அந்தச் சிறு வேறுபாட்டால், அதன் பளிங்குத்தன்மை கூடிய வகை முற்றாக மறைய இரண்டு முதல் ஐந்து ஆண்டுகள்கூட எடுக்கும். இரண்டையும் கலந்து, கலக்கும் விகிதத்தை மாற்றி, இடைப்பட்ட காலங்களைப் பெறலாம். பாதிக்குப் பாதி கலந்தது ஒன்றிரண்டு மாதங்களில் போய்விடும். லக்ரிக் பங்கு 85 வீதமானால் ஐந்தாறு மாதங்கள் நிற்கும். பொலிகப்ரோலக்ரோன் என்ற இன்னொன்று இன்னும் மந்தமானது. இரண்டு, மூன்று ஆண்டுகள் எடுக்கும். முழங்காலுக்கான திருகாணிகள் பெரும்பாலும் பொலிலக்ரிக் அமிலத்தாலும், அதனுடன் கல்சியம் பொசுபேற்று கலந்தும் செய்யப்படுகின்றன.

இனி, நஞ்சாகுமா என்ற கேள்வி. பொலிலக்ரிக் அமிலம் முறிந்தால் கிடைப்பது லக்ரிக் அமிலம். உங்கள் மகன் மைதானத்தில் ஓடும்போது தசைகளில் உண்டாவதும், ஓடாமல் படுத்திருக்கும்போதும் குருதிச் செங்கலங்கள் இடைவிடாது உண்டாக்குவதும் அதே சேர்வையே. வளர்ந்த ஒருவரின் உடல் ஓய்வாக இருக்கும் ஒரு நாளிலேயே 100 கிராமுக்கு மேல் லக்ரிக் அமிலத்தை உண்டாக்கி, அதை ஈரலிலும் தசையிலும் எரித்துக் காபனீரொட்சைட்டாகவும் நீராகவும் ஆக்கிவிடுகிறது. 7 அல்லது 8 மில்லிமீற்றர் தடிப்பும் 25 மில்லிமீற்றர் நீளமும் கொண்ட, நடுவே துளையுள்ள ஒரு திருகாணியின் நிறை கிட்டத்தட்ட 1 கிராம். அது மூன்று ஆண்டுகளில் கரைகிறது என்று வைத்துக்கொண்டால், சராசரியாக நாளொன்றுக்கு 1 மில்லிகிராம் வருகிறது. உடல் தானே உண்டாக்குவதில் ஓர் இலட்சத்தில் ஒரு பங்கு. குருதியில் நஞ்சேறும் என்று அஞ்ச இடமில்லை. கடைகளில் ‘உக்கும் பிளாஸ்டிக்’ என்று வரும் கிண்ணங்களும் பைகளும் சில இதே குடும்பத்தைச் சேர்ந்தவை என்பது உண்மை. ஆனால் மருத்துவத் தரத்தில் தயாரிக்கும்போது சங்கிலியின் நீளம், எஞ்சியிருக்கும் வெள்ளீய ஊக்கி, எதிர்வினையில் ஈடுபடாமல் மிஞ்சிய சிறு மூலக்கூறுகள் ஆகிய எல்லாவற்றுக்கும் கண்டிப்பான எல்லைகள் உண்டு. ஒன்றைப் பார்த்து மற்றதை மதிப்பிட வேண்டாம்.

முழு உடலுக்குச் சொன்ன அந்தச் சராசரிக் கணக்கு, திருகாணிக்குப் பக்கத்தில் இருக்கும் இழையத்துக்குப் பொருந்தாது. இந்தப் பொருள்களின் உண்மையான குறை அங்கேதான் இருக்கிறது. அமிலம் நாளுக்கு ஒரு மில்லிகிராமாக ஒழுங்காக வெளிவந்தால் பிரச்சினை இல்லை. அது ஒரு கட்டத்தில் மொத்தமாக வெளிப்பட்டால் அந்த இடம் அழலும், வீங்கும், சில வேளை கிருமி எதுவும் இல்லாமலே சீழ் போன்ற நீர் கசியும். பின்லாந்தில் 1980களின் நடுப்பகுதியில் கணுக்கால் முறிவுகளுக்குக் கரையும் ஆணிகளைப் போடத் தொடங்கியவர்கள் இதை நேரில் கண்டார்கள். அங்கே 2,528 நோயாளரைப் பின்தொடர்ந்து 2000ஆம் ஆண்டில் வெளியான அறிக்கை, பொலிகிளைகோலிக் அமில ஆணி வைத்தவர்களில் 5.3 வீதமானோருக்கும் பொலிலக்ரிக் அமிலம் வைத்தவர்களில் 0.2 வீதமானோருக்கும் இத்தகைய எதிர்விளைவு வந்ததைக் காட்டுகிறது. விரைந்து கரைவதற்குக் கொடுத்த விலை அது. மந்தமாகக் கரைவதற்கும் விலை உண்டு. நெதர்லாந்தில் கன்னத்து என்பு முறிவுக்குப் பொலிலக்ரிக் அமிலத் தகடு பொருத்தப்பட்ட சிலருக்கு, எல்லாம் ஆறி மறந்துபோன மூன்று ஆண்டுகளுக்குப் பின் முகத்தில் வீக்கம் வந்தது. திறந்து பார்த்தபோது கரையாமல் எஞ்சிய பளிங்குத் துணிக்கைகள் அங்கே கிடந்தன. ஐந்து ஆண்டுகளுக்கு மேலாகியும் அவை முற்றாக மறைந்திருக்கவில்லை.

இன்னொரு விசித்திரம், தடித்த துண்டு மெல்லிய துண்டைவிட விரைவாக உள்ளே சிதைவது. பிரான்சின் மொன்பெலியேயில் மிஷேல் வெர் என்பவரின் குழு இதன் காரணத்தை 1990 அளவில் தெளிவாக்கியது. மேற்பரப்பில் உண்டாகும் அமிலம் சுற்றியுள்ள நீரில் கலந்து போய்விடும். நடுவில் உண்டாவது வெளியேற வழியின்றித் தேங்கி, மேலும் பிணைப்புகளை அறுக்கும். வெளியே முற்றலாக இருந்து உள்ளே அழுகிய தேங்காய் போல, ஓடு மட்டும் உறுதியாக நிற்க உள்ளீடு கூழாகிவிடும். ஒருநாள் ஓடு வெடிக்கும்போது தேங்கிய அமிலம் முழுவதும் ஒரேயடியாக வெளியேறும். திருகாணியின் நடுவே துளை வைத்திருப்பது வழிகாட்டிக் கம்பியைச் செலுத்துவதற்காகத்தான் என்றாலும், சுவர் மெல்லிதாவதால் இந்தத் தேக்கமும் குறைகிறது. கல்சியம் பொசுபேற்றுக் கலப்பதற்கும் இரட்டைப் பயன் உண்டு: அது அமிலத்தை ஓரளவு நடுநிலையாக்குகிறது; என்புக் கலங்களுக்குப் பழக்கமான கனிமம் என்பதால் அவை வந்து படியவும் இடம் தருகிறது. ஆயினும், கரைந்த இடம் முழுவதையும் புதிய என்பு வந்து நிரப்பிவிடும் என்று நம்பிவிட வேண்டாம். பலரில் அது ஓரளவுதான் நிரம்புகிறது. சிலரில் சுரங்கம் அகன்றும் போகிறது. நடப்பதற்கும் ஓடுவதற்கும் அது பொதுவாக இடையூறாவதில்லை.

உலோகமா, கரைவதா என்ற தெரிவுக்கு வருவோம். இரண்டையும் ஒப்பிட்ட ஆய்வுகளைத் திரட்டிக் கொக்ரேன் அமைப்பு 2016இல் வெளியிட்ட தொகுப்பாய்வு, முழங்காலின் செயற்பாட்டில் இரண்டுக்கும் இடையே வேறுபாடு காணவில்லை; கரையும் திருகாணியில் திருகாணி உடைதல் போன்ற பிழைகள் சற்றுக் கூடுதலாக இருக்கக்கூடும் என்றும், சான்றுகள் பலமானவை அல்ல என்றும் சொல்கிறது. உலோகத்தின் குறைகள், பின்னொரு நாளில் எம்.ஆர்.ஐ எடுத்தால் அந்த இடத்தில் படம் கலங்குவதும், இணையம் மீண்டும் அறுந்து இன்னொரு சத்திரசிகிச்சை வேண்டிவந்தால் திருகாணியை முதலில் கழற்ற வேண்டியிருப்பதும். மீண்டும் உதைபந்தாட்டம் ஆட நினைக்கும் இளைஞனுக்கு இவை புறக்கணிக்கத்தக்க குறைகள் அல்ல. என்றாலும் கடன்பட்டுத் தவிர்க்க வேண்டிய அளவுக்குப் பெரியவையும் அல்ல. மேலதிகச் செலவு உங்களுக்குச் சுமையாக இருந்தால், அந்தப் பணத்தைச் சத்திரசிகிச்சைக்குப் பிந்திய இயன்மருத்துவத்துக்கு ஒதுக்குங்கள் என்பதே என் கருத்து. பொருத்திய தசைநார் முதல் மாதங்களில் தன் பழைய குருதி ஓட்டத்தை இழந்து, பழைய கலங்கள் இறந்து, புதிய கலங்கள் குடியேறி, நார்கள் மறுபடி ஒழுங்குபடும் வரை தொடக்கத்தில் இருந்ததைவிடப் பலவீனமாகவே இருக்கும். வலி போய்விட்டது என்று நான்காம் மாதத்தில் பந்தை உதைக்கப் போகிறவர்களின் இணையம் அறுவதற்குத் திருகாணி காரணம் அல்ல. குறைந்தது 9 மாதங்களுக்கு மைதானம் இல்லை என்று இப்போதே அவரிடம் சொல்லிவையுங்கள்.

ஒரு சிறு எச்சரிக்கை. பீக் என்று சுருக்கமாகச் சொல்லப்படும் ஒரு பல்பகுதியத்திலும் இத்திருகாணிகள் வருகின்றன. அது உலோகம் அல்ல, எம்.ஆர்.ஐ படத்தையும் கலக்காது, ஆனால் கரையவே கரையாது. ‘பிளாஸ்டிக் ஸ்குரூ’ என்ற ஒரே பெயரில் இரண்டையும் குறிப்பிடும் வழக்கம் இருப்பதால், நீங்கள் பணம் கொடுப்பது எதற்கு என்பதைப் பொருளின் பெயரைக் கேட்டே உறுதிசெய்யுங்கள்.

உங்கள் மைத்துனர் சொல்வது கட்டுக்கதை அன்று. அறுந்த ஏ.சி.எல் ஏன் தானாக ஒட்டுவதில்லை என்பதிலிருந்து அதை விளக்க வேண்டும். உடலில் எங்கே காயம் பட்டாலும் முதலில் குருதி உறைந்து ஒரு கட்டி உண்டாகும். அதன் நார்வலையைப் பற்றிக்கொண்டுதான் ஆற்றும் கலங்கள் இரு கரைகளுக்கும் இடையே வந்து சேருகின்றன. முழங்கால் மூட்டின் உள்வெளிக்குப் புறத்தே இருக்கும் இணையங்கள் அறுந்தால் பெரும்பாலும் இப்படியே ஆறுகின்றன. ஏ.சி.எல் மூட்டின் நடுவில், மூட்டுத் திரவத்துக்குள் இருப்பது. அந்தத் திரவத்தில் இருக்கும் நொதியங்கள் உறைகட்டியைக் கரைத்துவிடுவதால், அறுந்த இரு முனைகளுக்கும் இடையே பாலம் அமைவதில்லை. அமெரிக்காவின் பொஸ்டன் சிறுவர் வைத்தியசாலையில் மார்த்தா மரே என்ற சத்திரசிகிச்சை நிபுணர் இந்த இடத்தில்தான் கை வைத்தார். மாட்டிலிருந்து எடுத்த கொலாஜன் என்ற புரதத்தைக் கொண்டு செய்த பஞ்சு போன்ற ஒரு துண்டில் நோயாளியின் சொந்தக் குருதியை ஊறவைத்து இரு முனைகளுக்கும் நடுவே வைத்தால், உறைகட்டி கரையாமல் பாதுகாக்கப்படுகிறது, கலங்கள் குடிவருகின்றன, ஏறத்தாழ 8 வாரங்களில் பஞ்சை உடல் எடுத்துக்கொள்கிறது. அமெரிக்க உணவு, மருந்து நிருவாகம் 2020 டிசம்பரில் இதற்கு அனுமதி வழங்கியது.

2020இன் அந்த அனுமதியுடன் சில நிபந்தனைகளும் இருந்தன. என்பு வளர்ச்சி முடிந்த, 14 வயதோ அதற்கு மேலோ ஆனவர்களுக்கே இது என்றிருந்தது. கீழ்க்கால் என்பில் பழைய இணையத்தின் அடித்துண்டு எஞ்சியிருக்க வேண்டும். காயம் பட்டு 50 நாட்களுக்குள் சத்திரசிகிச்சை நடக்க வேண்டும் என்றும் இருந்தது. உங்கள் மகனுக்கு 5 மாதங்கள் கடந்துவிட்டன. அடித்துண்டு இதற்குள் சுருங்கிப் போயிருக்கக்கூடும். எனவே இது கிடைக்கும் நாட்டுக்கே அவரை அழைத்துச் சென்றாலும் இந்த முறை அவருக்குப் பொருந்தும் என்று எதிர்பார்க்க வேண்டாம். உரிய காலத்தில் செய்தவர்களிலும் இது தசைநார் மாற்றைவிட மேலானது என்று இன்னும் நிறுவப்படவில்லை. 100 பேரை இரு பகுதியாகப் பிரித்து இரண்டு ஆண்டுகள் பார்த்த ஆய்வில், பஞ்சு வைத்தவர்களில் 14 வீதமானோருக்கும் வழக்கமான சத்திரசிகிச்சை செய்தவர்களில் 6 வீதமானோருக்கும் மறுபடியும் சத்திரசிகிச்சை தேவைப்பட்டது; எண்ணிக்கை சிறிதாகையால் அந்த வேறுபாட்டைத் தற்செயல் அன்று என்று உறுதியாகச் சொல்ல முடியாது.

எலியின் முதுகிலிருந்த காதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அந்தப் படம் கால் நூற்றாண்டுக்கு மேலாகப் பொய்யான விளக்கங்களோடு சுற்றிக்கொண்டிருக்கிறது. றொபேட் லாங்கர், ஜோசப் வக்கான்ரி ஆகிய இருவரும் 1993இல் எழுதிய கட்டுரையொன்று, கரையும் பல்பகுதியத்தில் நுண்துளைகள் நிறைந்த சட்டகம் செய்து, அதில் கலங்களைக் குடியேற்றி, சட்டகம் மறைய இழையம் எஞ்சும் முறைக்கு ‘இழையப் பொறியியல்’ என்ற பெயரில் ஒரு வடிவம் கொடுத்தது. 1997இல் வெளியான அந்தப் படத்தில் இருப்பது, குழந்தையின் காது வடிவில் செய்த பொலிகிளைகோலிக் அமில வலையில் கன்றுக்குட்டியின் கசியிழையக் (குருத்தெலும்புக்) கலங்களை விதைத்து, நிர்ப்பீடனம் (நோயெதிர்ப்பு) குறைந்த எலியின் தோலுக்கடியில் வைத்து வளர்த்த ஒன்று. அது மனிதக் காது அல்ல, அதற்குக் கேட்கவும் தெரியாது. கசியிழையத்தை முதலில் தெரிவு செய்ததற்கும் காரணம் இருக்கிறது: அதற்குக் குருதிக் குழாய்கள் தேவையில்லை. மற்ற இழையங்களில் ஒரு கலம் மயிர்க்குழாயிலிருந்து 0.2 மில்லிமீற்றருக்கு மேல் விலகியிருந்தால் ஒட்சிசன் எட்டாமல் இறந்துவிடும். தடித்த ஒரு சட்டகத்தின் நடுவே குருதிக் குழாய் வளர்ந்து சேருவதற்குள் அங்கே விதைத்த கலங்கள் போய்விடுகின்றன. தோல், கசியிழையம், சிறிய என்பு இடைவெளிகள் ஆகியவற்றில் இந்தத் துறை முன்னேறியிருப்பதும் சிறுநீரகம் இன்னும் எட்டாக்கனியாக இருப்பதும் இந்தச் சின்னத் தூரத்தினால்தான். மூட்டின் மேற்பரப்புக் கசியிழையத்தில் பள்ளம் விழுந்தவர்களுக்கு, அவர்களின் சொந்தக் கலங்களை வளர்த்துப் பன்றியின் கொலாஜனால் ஆன மெல்லிய தகட்டில் ஏற்றிப் பதிக்கும் முறை 2016 முதல் அமெரிக்காவில் அனுமதி பெற்றுப் பயன்பாட்டில் இருக்கிறது. அது இணையத்துக்கான சிகிச்சை அல்ல.

ஆகவே பொறுத்திருங்கள் என்ற ஆலோசனையை மட்டும் நான் ஏற்கவில்லை. நடக்கும்போதே கால் மடங்குகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். ஒவ்வொரு தடவை மடங்கும்போதும் தொடை என்பு கீழ்க்கால் என்பின் மேல் வழுக்கி, இடையிலுள்ள பிறைவடிவக் கசியிழையமான மெனிஸ்கஸை நசுக்குகிறது. அது கிழிந்தால், ஏ.சி.எல்லைப் போல எளிதாக மாற்றிவைக்க முடியாது. நாற்பது வயதுக்குள் மூட்டுத் தேய்வுக்கு அதுவே வாசலாகும். இன்று சத்திரசிகிச்சை நிபுணர் முன்வைத்திருக்கும் முறை, சொந்தத் தசைநாரை எடுத்து வைப்பது, பழையது என்றாலும் உலகெங்கும் நன்கு சோதிக்கப்பட்டது. வரப்போகும் ஒன்றுக்காக அதைத் தள்ளிப்போட வேண்டாம்.

உங்கள் மனைவியின் கேள்வியை நான் சிறிதாக எண்ணவில்லை. சத்திரசிகிச்சைக்கு முன் கேட்க வேண்டிய கேள்விதான் அது. பொலிலக்ரிக் அமிலத்துக்கான மூலப்பொருள் சோளத்தின் மாப்பொருளையோ கரும்பின் வெல்லத்தையோ நுண்ணுயிர்களால் நொதிக்கச் செய்து பெறப்படுவது. கல்சியம் பொசுபேற்றும் பெரும்பாலும் செயற்கையாகத் தயாரிக்கப்படுவது. ஆகவே திருகாணியைப் பொறுத்தவரை அவர் மனம் சமாதானமடையலாம். மாடும் பன்றியும் வருவது கொலாஜனில், மேலே சொன்ன பஞ்சிலும் மெல்லிய தகட்டிலும். ஆட்டின் அல்லது மாட்டின் குடலிலிருந்து செய்யப்படும் ‘கட்கட்’ நூலும் சில இடங்களில் இன்னும் இருக்கிறது. கொலாஜன் கலந்த பொருள் எதையும் பயன்படுத்த வேண்டாம் என்று முற்கூட்டியே எழுத்தில் தெரிவித்தால், பெரும்பாலான சந்தர்ப்பங்களில் மாற்று இருக்கும். குருதிப் பெருக்கை நிறுத்தும் அவசரத்தில் பயன்படுத்தும் பஞ்சு போன்றவற்றில் மாற்றுக் கிடைக்காமல் போகலாம். அந்த இடத்தில் என்ன செய்வது என்பதை வீட்டில் பேசி முன்கூட்டியே முடிவுசெய்து வைத்தியருக்குச் சொல்லிவிடுங்கள்.

கரையும் திருகாணியையே தெரிவு செய்தால், நம் ஊரின் காலநிலையை முன்னிட்டுச் சில விடயங்கள் உண்டு. உடலுக்குள் நீர் செய்வதை, பொதிக்குள் புகும் ஈரப்பதனும் வெப்பமும் முன்கூட்டியே செய்யத் தொடங்கிவிடும். அதனால்தான் இவை ஈரம் புகாத அலுமினியத் தாள் உறையில், பெரும்பாலும் 25 பாகைக்கு மேற்படாத வெப்பத்தில் வைக்கச் சொல்லி வருகின்றன. சித்திரை வைகாசியில் மின்சாரம் நின்றுபோன ஒரு களஞ்சியத்தில் சில வாரங்கள் கிடந்த திருகாணி பார்வைக்குப் புதிதாகவே இருக்கும். சங்கிலிகள் குறுகியிருப்பது கண்ணுக்குத் தெரியாது, முறுக்கும்போது தலை உடையும். பொருளைத் தருவிக்கும் முகவரிடம், அது தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபையில் பதிவானதா, எங்கே எந்த வெப்பநிலையில் வைக்கப்பட்டிருந்தது, காலாவதித் திகதி எது என்று கேட்பதற்கு உங்களுக்கு உரிமை உண்டு. உறை திறந்து பயன்படுத்தாமல் விட்ட ஒன்றை, மறுபடி கிருமிநீக்கிப் போடலாம் என்று எவர் சொன்னாலும் சம்மதிக்க வேண்டாம். நீராவியில் அவிக்கும் வழக்கமான முறை இந்தப் பொருளைக் கெடுத்துவிடும்.

ஒவ்வொரு பொதியிலும் பொருளின் பெயர், அளவு, தொகுதி இலக்கம் அச்சிட்ட ஒட்டுச்சீட்டுகள் இருக்கும். ஒன்றை வைத்தியசாலைக் கோவையில் ஒட்டுவார்கள். இன்னொன்றைக் கேட்டு வாங்கி மகனின் கிளினிக் கொப்பியில் ஒட்டுங்கள். மூன்று, நான்கு ஆண்டுகள் கழித்து முழங்காலுக்குக் கீழே, திருகாணி போட்ட இடத்துக்கு நேரே, வலியில்லாத ஒரு சிறு கட்டி எழும்பினால், கிருமித் தொற்று என்று எண்ணி நுண்ணுயிர்க்கொல்லி மாத்திரைகளை வாங்கிக் குடிக்காமல், அந்தச் சீட்டோடு என்பு சத்திரசிகிச்சை நிபுணரிடம் போகட்டும். அப்போது சிகிச்சை அளிப்பவர் வேறொருவராக இருக்கலாம். எக்ஸ்ரே படத்திலும் திருகாணி பெரும்பாலும் தெளிவாகத் தெரியாது.